நாயும் நடுவீடும்

நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அது வாலைக் குழைத்துக்கொண்டு பழைய இடத்திற்கே போகும் என்று நம் நாட்டில் ஒரு பழமொழி வழங்குகிறது. பிறவிக் குணம் மாறாது என்பதை உணர்த்தவே பெரியோர் இதனைக் கூறினர். மனிதரின் குணத்தைப் பற்றிய அவ்வாக்கு எத்துணை உண்மை என்பதை அறிஞர்கள் ஆராயட்டும். நாயைப் பொறுத்தவரை, அந்தப் பழமொழியில் ஒரு படி விட்டுப்போயிருக்கிறது. குளிப்பாட்டினோம், நடுவீட்டில் வைத்தோம், சரி; நடுவீட்டில் எவ்வாறு வாழவேண்டும் என்று அதற்குக் கற்பித்தோமா? கற்பிக்காத நாய் வெளியே ஓடுவதில் வியப்பொன்றும் இல்லை. தெருவில் பிறந்த நாயை வீட்டுக்கு அழைத்து வந்து, மலஜலம் கழிக்கும் ஒழுங்கை அதற்குப் பழக்கி, நம்மிடம் பற்றுக்கொள்ளச் செய்வது எப்படி என்பதே இங்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள். அந்தமான் நிக்கோபார் தீவுகளில் வாழ்வோருக்கு இது பொழுதுபோக்கைப் பற்றிய செய்தி மட்டுமாக இராது. ஊர் நலத்தைப் பற்றிய செய்தியுமாகும். காரணத்தைப் பின்னர்க் காண்போம்.

நிக்கோபார் மக்களிடையே நாய் நெடுங்காலமாகவே இருந்துவந்தது. அந்தமான் காடுகளின் பழங்குடி மக்களோ அப்பிராணியை அறியாமலே பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்தனர். 1858-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் போர்ட் பிளேரில் கைதிகளின் குடியேற்றத்தை நிறுவிய பிறகே நாய்கள் இங்கே பரவின. 1906 முதல் 1908 வரை இத்தீவுகளில் ஆராய்ச்சி நடத்தி, 1922-இல் நூல் வெளியிட்ட மானிடவியல் அறிஞர் ராட்கிளிஃப் பிரவுன் நாயின் இப்புது வரவைக் குறிப்பிட்டுள்ளார். வில்லும் அம்பும் கொண்டு காட்டுப் பன்றியை வேட்டையாடிய மக்களுக்கு, மோப்பம் பிடித்துப் பன்றியை மறித்து நிறுத்தும் நாய் பெருந்துணையாயிற்று. சின்ன அந்தமானில் வாழும் ஓங்கே மக்களும் நாயைத் தம் வேட்டைத் துணையாக ஏற்றனர். வழிவழியாக நாய் வளர்த்தறியாத மக்கள், சில தலைமுறைக் காலத்தில் அதனைத் தம் இருப்பிடத்தில் ஓர் உறுப்பினராக்கிக்கொண்டனர். பயிற்சிக் கூடமும் கையேடும் அவர்களிடம் இருந்ததில்லை. ஒன்றாக நடந்தனர், ஒன்றாக உழைத்தனர், கிடைத்ததைப் பகிர்ந்தனர். நாய்க்கும் மனிதனுக்கும் உள்ள உறவின் அடிப்படை இதுவே.

இனி, தீவுகளுக்கென்று உள்ள காரணங்களைக் கவனிப்போம். முதலாவது, வெறிநாய்க்கடி நோய். பாரத நாட்டில் இந்நோய் பெரும்பாலும் எங்கும் பரவியிருக்க, அந்தமான் நிக்கோபாரும் லட்சத்தீவும் மட்டும் அது வழங்காத பகுதிகளாகக் கருதப்பட்டு வந்துள்ளன. 2030-ஆம் ஆண்டுக்குள் நாய்வழிப் பரவும் வெறிநோயை நாடெங்கும் ஒழிப்பதென 2021-இல் மத்திய அரசு ஒரு தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது. மற்ற மாநிலங்கள் முயன்று அடையவேண்டிய நிலையைக் கடல் நமக்குக் காவலாக நின்று அளித்திருக்கிறது. தாய்நிலத்திலிருந்து தடுப்பூசியின்றிக் கொண்டுவரப்படும் ஒரே ஒரு நாய்க்குட்டி இப்பேற்றை அழித்துவிடக்கூடும். ஆகவே வளர்க்க விரும்புவோர் இங்குள்ள தெருவில் பிறந்த குட்டியையே எடுத்துக்கொள்வது நலம். தாய்நிலத்திலிருந்து கொண்டுவரத்தான் வேண்டும் என்றால், மூன்று மாதம் நிறைந்த குட்டிக்கு வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, அதன் பின் ஒரு மாதமேனும் கழித்துச் சான்றிதழுடன் அழைத்து வருதல் வேண்டும். இங்கே பிறந்த நாய்க்கும் தடுப்பூசி அவசியமே. எந்த நாய் கடித்தாலும் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவரிடம் செல்லவேண்டும் என்ற விதியை இங்கும் தளர்த்தலாகாது.

இரண்டாவது காரணம் எலிக்காய்ச்சல். இத்தீவுகளில் அந்தமான் இரத்தக்கசிவுக் காய்ச்சல் என்று பெயர் பெற்றிருந்த கொடிய நோய், எலிக்காய்ச்சலே என்று 1990-களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் போர்ட் பிளேர் நிலைய அறிஞர்கள் கண்டறிந்தனர். நோய்க் கிருமிகள் எலி, மாடு, பன்றி, நாய் முதலியவற்றின் சிறுநீர் வழியே ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் கலந்து, நம் தோலிலுள்ள கீறல் வழியே உடலினுட் புகுகின்றன. ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டர் அளவில் மழை பொழியும் ஊரில் மண் காய்வது அரிது. எனவே நாய் எங்கே சிறுநீர் கழிக்கிறது என்பது இங்கே தரையின் தூய்மையோடு முடியும் கேள்வியாக இல்லை. குழந்தைகளின் உடல்நலத்தைப் பற்றிய கேள்வியுமாகிறது. நாய்க்கு இந்நோயைத் தடுக்கும் ஊசி உண்டு. கால்நடை மருத்துவரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவது காரணம் கடற்கரையில் இருக்கிறது. பேராமை, அழுங்காமை, பங்குனி ஆமை, ஏழுவரி ஆமை ஆகிய நான்கு வகைக் கடலாமைகள் இத்தீவுகளின் மணலில் முட்டையிடுகின்றன. ரங்கத் அருகே கத்பர்ட் விரிகுடாவும், மாயாபந்தர் அருகே கர்மாட்டங்கும், பெரிய நிக்கோபாரில் கலாத்தியா விரிகுடாவும் இதற்குப் பெயர் பெற்றவை. ஒரு தாயாமை சுமார் நூறு முட்டைகளை மணலில் புதைத்துவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். குஞ்சு வெளிவர ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். அக்காலத்தில் முட்டைகளுக்குக் காவல் இல்லை. உரிமையாளரின்றித் திரியும் நாய்கள் மணலைத் தோண்டி அவற்றைத் தின்றுவிடுகின்றன. வீட்டில் வளர்ந்து, இரவில் வீட்டிலேயே உறங்கும் நாய் இத்தீங்கைச் செய்யாது. பகலில் நம்முடையதாகவும் இரவில் யாருடையதும் அல்லாததாகவும் திரியும் நாயே கடற்கரைக்குச் செல்கிறது.

இவற்றையெல்லாம் எண்ணும்போது, நாயை வீட்டோடு பிணைப்பதே தலையாய காரியம் என்பது புலனாகும். சங்கிலியால் பிணைப்பதை நாம் கூறவில்லை. பழக்கத்தாலும் பற்றாலும் பிணைப்பதையே கூறுகிறோம்.

வீட்டுக்கு வந்த முதல் மூன்று நாட்களில் நாய்க்கு நாம் கற்பிக்கவேண்டுவது மிகக் குறைவு. அதற்கென ஒரு மூலை, ஒரு பழஞ்சாக்கு, ஒரு தண்ணீர்க் கிண்ணம் போதும். அண்டை வீட்டாரையும் உறவினரையும் அழைத்துக் காட்டுவதைச் சில நாள் ஒத்திவைக்கவேண்டும். குழந்தைகள் அதைத் துரத்தித் தூக்க முயல்வதைத் தடுத்து, அதுவாக அருகில் வரும்வரை காத்திருக்கச் சொல்லவேண்டும். குட்டியாயின், தாயை விட்டுப் பிரிக்கும்போது எட்டு வாரமாவது நிறைந்திருத்தல் நலம். பிறந்த மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரை உள்ள காலத்தில் அது காணும் மனிதர், கேட்கும் ஓசை, மிதிக்கும் தரை ஆகியவை அதன் பிற்கால இயல்பைப் பெரிதும் உருவாக்குகின்றன. கால்நடை மருத்துவரிடம் காட்டிக் குடற்புழு நீக்குவதும், உண்ணிகளைப் போக்குவதும் முதல் வாரத்திலேயே செய்யவேண்டியவை.

அடுத்து, மலஜல ஒழுங்கு. இதில் இயற்கையே நமக்குத் துணையாக இருக்கிறது. நாய் தான் உறங்கும் இடத்தை அசுத்தப்படுத்த விரும்புவதில்லை. கண் திறந்து சில நாளே ஆன குட்டிகூடப் படுக்கையை விட்டுத் தள்ளாடி நகர்ந்து சென்றே சிறுநீர் கழிக்க முயலும். நாம் செய்யவேண்டுவதெல்லாம், அப்படுக்கையின் எல்லையை வீடு முழுவதற்கும் விரித்துக் காட்டுவதே. வீடு முழுவதும் தன் உறங்கிடம் என்று நாய் உணர்ந்துவிட்டால் பயிற்சி முடிந்தது.

அதற்குரிய வழி காலம் தவறாமையே. உறங்கி எழுந்தவுடன் ஒருமுறை, உணவு உண்ட 15 முதல் 30 நிமிடங்களுக்குள் ஒருமுறை, விளையாடி முடித்ததும் ஒருமுறை, நாம் படுக்கச் செல்லுமுன் ஒருமுறை என்று குட்டியை வெளியே அழைத்துச் செல்லவேண்டும். குட்டியின் வயதை மாதக் கணக்கில் எடுத்து அதனுடன் ஒன்றைக் கூட்டினால், பகலில் எத்தனை மணி நேரம் அதனால் அடக்கிக்கொள்ள இயலும் என்பதற்கு உத்தேசமான கணக்குக் கிடைக்கும். இரண்டு மாதக் குட்டிக்கு அது மூன்று மணி நேரம். இது அதன் ஆற்றலின் எல்லையாதலால், அதற்கு முன்பாகவே அழைத்துச் செல்வது அறிவுடைமை. உணவையும் வேளை தவறாது கொடுத்து, மீதியைக் கால் மணி நேரத்தில் எடுத்துவிடவேண்டும். உள்ளே செல்வது வேளையோடு சென்றால் வெளியே வருவதும் வேளையோடு வரும். தண்ணீரை மட்டும் எப்போதும் வைத்திருக்கவேண்டும். இவ்வூர்ப் புழுக்கத்தில் அதை மறைப்பது கொடுமை.

ஒவ்வொரு முறையும் அதே கதவு வழியே, அதே இடத்திற்கு அழைத்துச் செல்லவேண்டும். முன்பு விட்ட மணம் அங்கே இருப்பதால் நாய்க்கு நினைவு வரும். அது கழிக்கத் தொடங்கும்போது ஏதேனும் ஒரு சொல்லை மெல்லச் சொல்லலாம். எச்சொல்லாயினும் சரியே, வீட்டார் அனைவரும் அதையே சொல்லவேண்டும். முடித்த மறுகணமே, முள் நீக்கி வேகவைத்த மீன் துண்டு ஒன்றைக் கொடுத்துத் தட்டிக் கொடுக்கவேண்டும். வீட்டுக்குள் வந்த பிறகு கொடுத்தால், வீட்டுக்குள் வந்ததற்காகக் கிடைத்த பரிசென்று நாய் எண்ணிக்கொள்ளும். ஒரு செயலையும் அதை அடுத்து வரும் பயனையும் பிராணிகள் இணைத்துக்கொள்வது இரண்டொரு விநாடி இடைவெளிக்குள்தான்.

இதே காரணத்தால்தான் தண்டனை பயனற்றுப் போகிறது. மாலையில் அலுவலகத்திலிருந்து திரும்பும் நாம், நண்பகலில் நேர்ந்த ஈரத்தைக் கண்டு நாயின் மூக்கைப் பிடித்து அதில் தேய்க்கிறோம். நாய்க்கு அதன் காரணம் விளங்குவதில்லை. நாம் வீடு திரும்பினால் துன்பம் என்பதொன்றையே அது கற்றுக்கொள்கிறது. "தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறதே, தவறு செய்தோம் என்று அதற்குத் தெரியாதா?" என்று வினவுவோர் உண்டு. நியூயார்க்கில் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்னும் அறிஞர் இதனைச் சோதித்து 2009-இல் முடிவை வெளியிட்டார். எஜமானர் கடிந்துகொண்டபோது, குற்றமே செய்யாத நாயும் அதே முகத்தைக் காட்டிற்று. அந்த முகம் நம் கோபத்திற்கு அது அளிக்கும் விடையே. ஆகவே, நடக்கும்போதே கண்டால் ஒரு சிறு ஓசையால் தடுத்து வெளியே அழைத்துச் செல்லலாம். பின்னர்க் கண்டால் வாளா துடைத்துவிடுவதே தக்கது. துடைக்கும்போது நவச்சார வாடையுள்ள திரவங்களைத் தவிர்க்கவேண்டும். அவ்வாடை சிறுநீரை ஒத்திருப்பதால் நாயை அதே இடத்திற்கு மீண்டும் அழைக்கும். சோப்பு நீரால் நன்கு கழுவி, நீர் கலந்த வினிகரால் துடைத்துக் காயவிட்டால் வாடை நீங்கும். எலிக்காய்ச்சலை நினைவிற் கொண்டு, கையுறை அணிந்து துடைப்பதும் பின்னர்க் கைகழுவுவதும் வழக்கமாதல் வேண்டும்.

மே மாதம் தொடங்கி ஆண்டிறுதிவரை இங்கே மழைக்காலம் நீள்கிறது. பெருமழையில் வெளியே செல்ல மறுக்கும் நாய்கள் பல. தாழ்வாரத்தின் ஓரத்திலோ கூரை இறக்கத்தின் கீழோ ஒரு மரச் சட்டத்தில் மண்ணும் புல்லும் பரப்பி, மழைக்கு முன்பே அவ்விடத்தைப் பழக்கிவைத்தால் இடர் நீங்கும். மாடிக் குடியிருப்புகளில் வாழ்வோருக்கும் இந்த ஏற்பாடு உதவும்.

தெருவில் வளர்ந்து பெரிதான நாயைப் பழக்கமுடியாது என்று பலர் அஞ்சுகின்றனர். உண்மையில் அது மண்ணிலும் புல்லிலும் கழித்தே பழகியிருப்பதால், உரிய வேளையில் வெளியே அழைத்துச் சென்றால் குட்டியைவிட விரைவில் கற்றுக்கொள்வதுண்டு. அதன் உடலுக்கு அடக்கும் ஆற்றலும் அதிகம். ஆண் நாய் நாற்காலிக் காலிலும் கதவு நிலையிலும் காலைத் தூக்கினால், அது தன் எல்லையைக் குறிக்கிறது என்று அறியலாம். கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்தால் இவ்வழக்கம் பல நாய்களில் குறையும். தெருவில் குட்டிகள் பெருகுவதும் நிற்கும். நம்மைக் கண்டதும் தரையோடு ஒட்டிப் படுத்துச் சிறுநீர் விடும் நாய் அச்சத்தால் அவ்வாறு செய்கிறது. அதன்மேல் குனியாமல், பக்கவாட்டில் அமர்ந்து, மெல்லிய குரலில் பேசினால் சில வாரங்களில் அது தெளிவு பெறும். நன்கு பழகிய நாய் திடீரென வீட்டினுள் கழிக்கத் தொடங்கினால், அதனை நோயின் அறிகுறியாகக் கொண்டு மருத்துவரிடம் காட்டவேண்டும்.

ஒழுங்கைப் பற்றி இவ்வளவு கூறினோம். பற்று எங்கிருந்து பிறக்கிறது? உணவு கொடுத்தால் போதும் என்று நாம் பொதுவாக எண்ணுகிறோம். கொல்கத்தா இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த அனிந்திதா பத்ராவும் அவருடைய மாணவர்களும் நம் நாட்டுத் தெரு நாய்களையே ஆராய்ந்து 2017-இல் ஒரு முடிவை வெளியிட்டனர். முன்பின் அறியாத மனிதர் ஒருவர் நாயை மீண்டும் மீண்டும் சந்திக்கிறார். உணவு கொடுத்துவந்தவரைவிட, தலையைத் தடவிக்கொடுத்துவந்தவரிடமே அந்நாய்கள் அதிக நம்பிக்கை கொண்டன. பசித்துத் திரியும் தெரு நாயே உணவினும் பரிவை மேலாகக் கொண்டது எண்ணத்தக்கது. ஜப்பானில் அசாபு பல்கலைக்கழகத்தார் 2015-இல் வேறொன்றைக் கண்டறிந்தனர். வளர்ப்பவரும் நாயும் ஒருவரையொருவர் கண்ணுக்குக் கண் நோக்கியிருக்கும்போது, தாய்க்கும் சேய்க்கும் இடையே அன்பை வளர்க்கும் ஆக்ஸிடோசின் என்னும் சுரப்பு இருவர் உடலிலும் மிகுகிறது. யானையையும் நாயையும் ஒப்பிட்டு, நட்புக்கு நாயையே மேலாக வைத்த நாலடியார் ஆசிரியர் இச்சோதனைகள் இன்றியே இவ்வுண்மையை உணர்ந்திருந்தார் போலும்.

ஆகவே நாள்தோறும் அரைமணி நேரமாவது நாயுடன் இருத்தல் வேண்டும். காலையில் கயிற்றைப் பிடித்து நடத்தல், சில கவளங்களைக் கையாலேயே ஊட்டுதல், பெயர் சொல்லி அழைத்து வந்தவுடன் தடவிக்கொடுத்தல் ஆகிய எளிய செயல்களே போதும். அழைத்து வந்தபின் ஒருபோதும் அடித்தலாகாது; ஒருமுறை அடித்தால் பிறகு நம் அழைப்பை அது ஐயுறும். தனிமையையும் படிப்படியாகப் பழக்கவேண்டும். முதல் நாள் ஐந்து நிமிடம், பிறகு பத்து, பிறகு அரைமணி என்று நீட்டிச் சென்றால், அலுவலக நேரம் முழுவதும் அமைதியாக இருக்கக் கற்றுக்கொள்ளும்.

இறுதியாக ஒன்றைக் கூறாமல் விடுவதற்கில்லை. இத்தீவுகளில் நம்மைப் போன்ற அரசுப் பணியாளர் பலர் சில ஆண்டுகளுக்கென வந்து, மாற்றல் ஆணை பெற்றுத் திரும்புகிறவர்கள். சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ விசாகப்பட்டினத்துக்கோ கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள் பயணம். பெட்டி படுக்கை கட்டும்போது நாயின் நினைவு இறுதியில்தான் வருகிறது. காலி செய்த வீட்டு வாசலில் நாட்கணக்கில் காத்துக் கிடந்து, பின்னர்க் குப்பை மேட்டிற்கும் கடற்கரைக்கும் செல்லும் நாய்கள் யாரோ ஒருவரால் அன்போடு வளர்க்கப்பட்டவையே. நாம் நன்றாகப் பழக்கிய அளவுக்கு அதன் துன்பமும் பெரிது. தெருவில் உணவு தேடும் திறனை அது நம்மிடமிருந்து இழந்துவிட்டது. பசியாலும் தாகத்தாலும் துன்புறும் நிலையில் ஒரு பிராணியைக் கைவிடுவதும், எப்போதும் சங்கிலியில் கட்டிவைத்து நடமாட்டமே தராதிருப்பதும் 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றங்கள். சட்டம் கூறாவிட்டாலும் நம் மனச்சான்று கூறும்.

எனவே, குட்டியைத் தூக்குமுன் மூன்று கேள்விகளை நம்மையே கேட்டுக்கொள்வோம். மழையிலும் வெயிலிலும் நாள்தோறும் நான்கு முறை அதனுடன் வெளியே செல்ல நமக்கு இயலுமா? பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் அதைப் பேண வீட்டார் அனைவரும் இசைவார்களா? மாற்றல் வரும் நாளில் அதை உடன் அழைத்துச் செல்வோமா, அன்றி ஏற்றுக்கொள்ளும் நல்ல குடும்பம் ஒன்றை முன்கூட்டியே தேடி, அங்கே சில வாரம் பழக்கிவிட்டுச் செல்வோமா? இவற்றுக்கு விடை கிடைத்தபின் அடுத்த தெருவிலுள்ள குட்டியை அழைத்து வரலாம். ஒரு பழஞ்சாக்கும் ஒரு தண்ணீர்க் கிண்ணமும் அதற்குள் ஆயத்தமாக இருக்கட்டும்.